மானியத்துக்கு மனுப் போடும் முன்: பட்டா, அடங்கல், ரோட்டவேட்டர்

டிராக்டரின் பின்னால் மாட்டி, சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டருக்கு மானியம் கேட்ட மனு திரும்பி வந்தால், கோளாறு பெரும்பாலும் நிலத்தின் தாளில்தான் இருக்கும். பட்டா இன்னும் காலமான தாத்தாவின் பெயரிலேயே இருக்கும். அல்லது பட்டாவில் ‘செல்வராசு’, ஆதாரில் ‘செல்வராஜ்’, வங்கிக் கணக்கில் ‘எம். செல்வம்’ என்று ஒரே ஆள் மூன்று ஆளாக நிற்பார். தமிழ்நாட்டில் சொட்டுநீர், பயிர்க் காப்பீடு, பி.எம். கிசான், இயந்திர மானியம் என எதைக் கேட்டாலும் முதலில் கேட்பது நிலத்தின் ஆவணங்களைத்தான். அவற்றில் எது என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

பத்திரம் ஒன்று, பட்டா வேறொன்று

நிலம் உங்கள் கைக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்வது பத்திரம். கிரயம், தானம், பாகப்பிரிவினை, செட்டில்மென்ட் எதுவானாலும் அது சார்பதிவாளர் அலுவலகத்தில், பதிவுத்துறையின் கீழ் நடக்கிறது. அந்த நிலத்துக்கு யாரிடம் தீர்வை (நிலவரி) வாங்குவது என்று அரசு எழுதி வைத்திருப்பது பட்டா. அது வட்டாட்சியர் அலுவலகத்தில், வருவாய்த்துறையின் கீழ் வருகிறது. பத்திரம் பதிந்துவிட்டால் பட்டா தானாக மாறிவிடும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ஒரு உட்பிரிவை (புல எண், அதாவது சர்வே எண், ஒன்றின் துண்டை) முழுசாக, பட்டாதாரரிடமே வாங்கியிருந்தால் இப்போது பதிவோடு சேர்ந்தே பட்டா மாற வழி இருக்கிறது. அதில் ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் நிலத்தை அளந்து புது உட்பிரிவு போட்டால்தான் உங்கள் பெயர் ஏறும். அதுவரை திட்டங்களின் கண்ணில் நிலம் பழைய ஆளுடையதுதான்.

மறுபக்கமும் உண்டு. பட்டா கையில் இருந்தாலே நிலம் நம்முடையது என்று நினைப்பதும் தவறு. வழக்கு என்று வந்தால் பட்டா ஒரு சாட்சி மட்டுமே; பத்திரத் தொடர்ச்சி, அனுபவம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நீதிமன்றம் பார்க்கும். அதனால் நிலம் வாங்குகிறவர் பட்டாவோடு நிறுத்தாமல் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மானியம் கேட்கிறவருக்கு முதலில் வேண்டியது பட்டா.

முன்பு சிட்டா என்பது தனித் தாள். ஒரு பட்டாதாரருக்கு ஊரில் எந்தெந்தப் புலத்தில் எவ்வளவு நிலம் என்று காட்டும் 10(1) கணக்கு அது. இப்போது இணையத்தில் எடுத்தால் பட்டா, சிட்டா இரண்டும் ஒரே தாளாக வருகின்றன. மனுவில் ‘பட்டா, சிட்டா’ என்று இரண்டாகக் கேட்டிருந்தால் பயப்பட வேண்டாம், அந்த ஒரு தாள் போதும்.

அந்தத் தாளைப் படிப்பது எப்படி

மேலே மாவட்டம், வட்டம், வருவாய் கிராமம், பட்டா எண். வருவாய் கிராமத்தின் பெயர் உங்கள் ஊர்ப் பெயராக இருக்க வேண்டியதில்லை; இரண்டு மூன்று குக்கிராமங்கள் சேர்ந்து ஒரே வருவாய் கிராமமாக இருக்கும். அதற்குக் கீழே உரிமையாளர் பெயர், ‘இன்னார் மகன் இன்னார்’ என்ற வடிவில். அதன் கீழே அட்டவணை: புல எண், உட்பிரிவு, பிறகு புன்செய், நன்செய், மற்றவை என்று மூன்று பிரிவுகள். ஒவ்வொன்றிலும் பரப்பும் தீர்வையும் இருக்கும். கடைசியில் குறிப்புரை, அதாவது எந்த ஆணையின்படி இந்தப் பெயர் ஏறியது என்ற எண்ணும் தேதியும்.

அதிகம் பேர் சறுக்குவது பரப்புக் கட்டத்தில். அங்கே இருப்பது ஏக்கரும் சென்ட்டும் இல்லை, ஹெக்டேரும் ஏரும். 0 - 81.00 என்று இருந்தால் அதை 81 சென்ட் என்று படித்துவிடுகிறார்கள். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். ஆக 81 ஏர் என்பது 200 சென்ட், முழுசாக 2 ஏக்கர். அதேபோல 1 - 25.50 என்றால் 125.50 ஏர், 2.47-ஆல் பெருக்கினால் 310 சென்ட், 3 ஏக்கர் 10 சென்ட். பத்திரத்தில் ஏக்கரிலும் பட்டாவில் ஹெக்டேரிலும் இருப்பதால் இரண்டும் பொருந்துகிறதா என்று இப்படிப் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். சில சென்ட் வித்தியாசம் வருவது சகஜம். கால் ஏக்கர் விடுபட்டிருந்தால் அது வேறு பட்டாவில் ஏறியிருக்கிறது என்று பொருள். எங்கே என்று தேடுங்கள்.

இந்தக் கணக்குக்கு இன்னொரு பயனும் உண்டு. இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. வட்டாட்சியர் தரும் சிறு, குறு விவசாயி சான்று இதை வைத்துத்தான் வருகிறது, மானியத்தின் சதவீதமும் அதை வைத்துத்தான் மாறுகிறது.

பட்டா சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு ஆவணங்கள் இருக்கின்றன. ‘அ’ பதிவேட்டில் ஊரின் ஒவ்வொரு புல எண்ணும் பட்டா நிலமா, புறம்போக்கா, நன்செய்யா, புன்செய்யா, யார் பெயரில் என்று வரிசையாக இருக்கும். புலப்படம் என்பது அந்தப் புல எண்ணின் வரைபடம். உட்பிரிவுக் கோடுகளும் எல்லை நீளங்களும் அதில் மீட்டரில் இருக்கும். ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையச் சேவையில் மூன்றையும் எடுத்துக்கொள்ளலாம். பழைய கையெழுத்துப் பதிவேட்டில் சரியாக இருந்த பெயர் கணினியில் ஏற்றும்போது பிசகியிருந்தால் அந்தப் பழைய பக்கத்தின் நகலே உங்களுக்குப் பெரிய பலம். 1980-களில் நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் (ஆங்கிலச் சுருக்கம் யூடிஆர்) நுழைந்த தவறுகளைத்தான் ஊரில் ‘யூடிஆர் பிழை’ என்கிறார்கள். அவை எழுத்துப் பிழை போலச் சீக்கிரம் தீராது. மனு வட்டாட்சியரைத் தாண்டி மேலே போகும், எதிர்த்தரப்பையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அப்படி ஒரு பிழை இருந்தால் இந்த ஆண்டு மானியத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

கூட்டுப் பட்டா என்ற முட்டுக்கட்டை

நான்கு பேர் பெயரில் 1 - 62.00 என்று ஒரு பட்டா. யாருக்கு எவ்வளவு? தாளில் எங்கும் இருக்காது. நடுவில் வரப்புப் போட்டு இருபது வருடமாகத் தனித்தனியே உழுதாலும், வாய்ப்பேச்சில் பிரித்த பாகம் வருவாய்க் கணக்கில் ஏறாது. சில திட்டங்களில் மற்றப் பங்காளிகளின் சம்மதக் கடிதமும், உங்கள் அனுபவத்தில் எவ்வளவு என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்றும் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் பங்காளிகளில் ஒருவர் முறுக்கிக்கொண்டால் கதை முடிந்தது. நிரந்தரத் தீர்வு தனிப்பட்டாதான்.

அதற்கு முதலில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிய வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் நான்கு எல்லையும் அளவும் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ‘வடபக்கம் பாதி’ என்று மட்டும் எழுதினால் நில அளவர் எங்கே கோடு போடுவார்? பிறகு இ-சேவை மையத்திலோ இணையத்திலோ ‘உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதல்’ என்று விண்ணப்பம். நில அளவர் வந்து அளக்கும் நாளில் அக்கம்பக்கத்து நிலக்காரர்களும் வயலில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எல்லைக்கல் காணாமல் போயிருந்தால் அன்றைக்கே தகராறு வெளியே வரும். அளந்து முடித்தால் 112/3 என்பது 112/3ஏ, 112/3பி என்று பிரிந்து, புலப்படத்தில் கோடு ஏறி, புதுப் பட்டா எண் வரும்.

மனு தள்ளுபடியாகும் காரணங்கள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். விற்றவர் பெயரில் பட்டா இல்லை, அவருக்கு முந்தியவர் பெயரில் இருக்கிறது. அப்படியானால் நடுவில் உள்ள பத்திரங்களையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பத்திரத்தில் பழைய புல எண் இருக்கிறது, பட்டாவில் புதிய எண் இருக்கிறது. இதற்குப் பழைய எண், புதிய எண் ஒப்பீட்டுப் பட்டியல் வட்டாட்சியர் அலுவலகத்தில் உண்டு. இருக்கிற பரப்பைவிட அதிகமாக விற்றிருக்கிறார்கள் என்றால் அது தனி வழக்கு.

பட்டாதாரர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றிதழும் வைத்து எல்லா வாரிசுகளின் பெயரிலும் பட்டா மாற்றலாம். கவனியுங்கள், எல்லா வாரிசுகளும். கட்டிக்கொடுத்த மகள்களின் பெயரை விட்டுவிட்டு மனுப் போடுவது இன்னும் நடக்கிறது, அது நிற்காது. ஒருவர் பெயருக்கு மட்டும் மாற்ற வேண்டுமானால் மற்ற வாரிசுகள் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் தர வேண்டும்.

கோடையில் நடக்கும் ஜமாபந்தியில் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்வார்கள். பட்டா தொடர்பாகத் தேங்கிக் கிடக்கும் மனுக்களை அங்கே கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளலாம்.

அடங்கல்: யார் உழுகிறார் என்ற கணக்கு

பட்டா உடைமையைச் சொல்கிறது, அடங்கல் சாகுபடியைச் சொல்கிறது. கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் கிராமக் கணக்கு எண் 2 அது. எந்தப் புலத்தில் எந்தப் பயிர், எவ்வளவு பரப்பு, எதில் பாசனம், யார் பயிரிட்டார் என்பதெல்லாம் அதில் பதிவாகும். அதன் ஆண்டு பசலி. ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். நாட்காட்டி ஆண்டில் 590-ஐக் கழித்தால் அந்த ஜூலையில் பிறக்கும் பசலி கிடைக்கும்: 2024 ஜூலையில் பிறந்தது பசலி 1434. மே மாதம் எடுத்த அடங்கலை ஜூலைக்குப் பிறகு கொடுத்தால் ‘போன பசலி’ என்று திருப்பிவிடுவார்கள்.

அடங்கலின் அருமை பயிர்க் காப்பீட்டில் தெரியும். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் காரிப் (தென்மேற்குப் பருவமழைக் காலம்) உணவுப்பயிருக்கு 2 சதவீதம், ராபிக்கு (குளிர்காலம்) 1.5, வணிகப் பயிர், தோட்டக்கலைப் பயிருக்கு 5 சதவீதம் வரை. தொகை சின்னது என்று அவசரத்தில் கட்டிவிட்டு, புல எண்ணையோ பயிரையோ மாற்றி எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. உளுந்து விதைத்த நிலம் அடங்கலில் தரிசு என்று இருந்தால் இழப்பீடு கேட்கும்போது அங்கேயே நின்றுபோகும். விதைத்த கையோடு கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிப் பதிவு செய்துகொள்வதே நல்லது.

குத்தகைக்கு உழுகிறவருக்குப் பட்டா இல்லை, ஆனால் அடங்கலில் பெயர் வர முடியும். காப்பீட்டில் அவர் சேரலாம். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசானில் முடியாது. அதற்கு நிலம் சொந்தப் பெயரில், அதுவும் 1.2.2019 அன்று இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வாரிசாக வந்த நிலத்துக்குத்தான் விலக்கு. சொட்டுநீர் மானியம் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். குத்தகை நிலத்தில் போடுவதென்றால் பதிவு செய்த நீண்டகாலக் குத்தகைப் பத்திரம் கேட்பார்கள். வாய்மொழிக் குத்தகையில் இருக்கிறவர்கள்தான் இந்தத் திட்டங்கள் எல்லாவற்றிலும் விடுபட்டுப் போகிறார்கள். பெயர் எழுதினால் நிலம் போய்விடும் என்ற பயத்தில் நிலக்காரர் எழுதித் தருவதில்லை. இது தாளில் தீரும் சிக்கல் இல்லை.

இப்போது விவசாயிகளுக்கு 11 இலக்கத் தனி அடையாள எண்ணும் வந்திருக்கிறது. ஆதாரையும் பட்டாவில் உள்ள புல எண்களையும் சேர்த்துப் பதிவதால், பெயர் பொருந்தாமை அங்கேயே வெளிப்பட்டுவிடும். பதியும்போது உங்கள் எல்லாப் புல எண்களையும் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒன்றை விட்டால் அந்த நிலம் திட்டத்துக்கு வெளியே.

இயந்திர மானியம்

2014-15-ல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தைத் தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை நடத்துகிறது. சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடியின விவசாயிகளுக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம். இந்த 50 சதவீதத்தைப் பலர் கடைவிலையில் பாதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. விலையில் பாதி, உச்சவரம்பு இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். விலை 1,20,000, உச்சவரம்பு 42,000 என்று வைத்துக்கொண்டால் மானியம் 60,000 ஆகாது, 42,000 தான். மீதி 78,000 உங்கள் கையிலிருந்து.

வரிசை முக்கியம். முதலில் உழவன் செயலியிலோ துறையின் இணையத்திலோ பதிவு. பிறகு உதவிச் செயற்பொறியாளர் அலுவலகம் ஆவணங்களைச் சரிபார்த்து அனுமதி தரும். அதன் பிறகே வாங்க வேண்டும். விலைப்பட்டியலில் உள்ள தேதி அனுமதிக்கு முந்தியது என்றால் மானியம் போச்சு. ‘இப்போதே எடுத்துப் போங்கள், மானியம் பின்னால் வாங்கித் தருகிறோம்’ என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். துறை அங்கீகரித்த நிறுவனத்தின் அங்கீகரித்த மாடலாகவும் இருக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் இருப்பது போன்ற சோதனை மையங்களில் தேறியவைதான் பட்டியலில் வரும். முழு விலையைக் கட்டிவிட்டு மானியத்துக்குக் காத்திருக்க வேண்டுமா, உங்கள் பங்கை மட்டும் கட்டினால் போதுமா என்பதைப் பணம் புரட்டும் முன் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே செலுத்துங்கள். கருவி வந்ததும் அதில் அடித்திருக்கும் வரிசை எண்ணும் விலைப்பட்டியலில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று இறக்கும்போதே பாருங்கள். ஆய்வுக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

உங்களுக்கு அது வேண்டுமா?

மானியம் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிப் போட்டுத் துருப்பிடித்துக் கிடக்கும் ரோட்டவேட்டர்கள் ஊருக்கு ஊர் உண்டு. வாங்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 அடி ரோட்டவேட்டரின் அகலம் ஏறக்குறைய 1.5 மீட்டர். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், திருப்பத்துக்கும், உழுத இடத்தின் ஓரத்தில் மறுபடி ஏறி உழுவதற்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து, மணிக்கு 0.36 ஹெக்டேர், அதாவது முக்கால் ஏக்கருக்கு மேல், ஒரு ஏக்கருக்குச் சற்றுக் கீழ் உழும். 2 ஏக்கருக்கு இரண்டு சால் ஓட்ட நாலரை மணி நேரம். வருடத்துக்கு இரண்டு போகம் என்றால் 9 மணி நேரம். 9 மணி நேர வேலைக்கு ஒரு கருவியை, அதை இழுக்க ஒரு டிராக்டரோடு, சொந்தமாக வைத்திருப்பது நஷ்டம். துறையின் இ-வாடகை செயலியில் பதிந்தோ, பக்கத்து வாடகை மையத்திலோ எடுப்பதே சரி. 2 ஏக்கர்க்காரர் மானியத்தைப் பயன்படுத்த நினைத்தால் பவர் வீடர் பக்கம் யோசிக்கலாம். களையெடுப்புக்கு ஆள் கிடைக்காத பருவத்தில் அது திரும்பத் திரும்ப வேலைக்கு வரும்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் டிராக்டருக்கு ஏற்ற அகலம் வேண்டும். ஓர் அடிக்கு 7 முதல் 8 எச்.பி. என்பது பொதுக் கணக்கு. 35–40 எச்.பி. டிராக்டருக்கு 5 அடி, 36 கத்தி, 45–50 எச்.பி.க்கு 6 அடி, 42 கத்தி. களிமண் பூமியானால் ஒரு படி குறைத்தே எடுங்கள். அதேநேரம் சக்கரத் தடத்தை மூடாத அளவுக்குக் குறுகலாகவும் இருக்கக்கூடாது.

உடைவது பெரும்பாலும் டிராக்டரையும் ரோட்டவேட்டரையும் இணைக்கும் தண்டில் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட். வரப்போரம் திரும்பும்போது பி.டி.ஓ.வை (இன்ஜின் விசையைக் கருவிக்குக் கொடுக்கும் சுழல்தண்டு) நிறுத்தாமல் ரோட்டவேட்டரை முழு உயரத்துக்குத் தூக்கினால் தண்டின் கோணம் அதிகமாகி, கிராஸ் பேரிங் நொறுங்கும். தூக்கும் முன் பி.டி.ஓ.வை நிறுத்துங்கள். தண்டின் நீளமும் பொருந்த வேண்டும்: தூக்கும்போது உள்குழாய் அடிமுட்டக்கூடாது, இறக்கும்போது கழன்று வராத அளவுக்கு உள்ளே இருக்க வேண்டும். புதுக் கத்தி போட்டால் முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு எல்லாப் போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள். கத்தியைத் திருப்பி மாட்டிவிட்டால் கூர்முனைக்குப் பதில் முதுகு மண்ணில் அடிக்கும், டிராக்டர் திணறிப் புகை கக்கும், ஆழம் போகாது. பாதித் தேய்ந்த கத்திகளுக்கு நடுவே ஒன்றிரண்டைப் புதிதாகப் போட்டாலும் அதிர்வு வரும். தொகுதியாக மாற்றுவதே நல்லது.

இன்னொன்று மண்ணுக்கு நடப்பது. ஊர்ந்துகொண்டே கத்தியை வேகமாகச் சுழலவிட்டால் மண் மாவாகும். பார்க்க அழகுதான். அடுத்த மழையில் அது படிந்து மேலே பொறுக்குத் தட்டி, முளை வெளியே வராது. ஒவ்வொரு போகமும் ரோட்டவேட்டர் மட்டுமே ஓட்டினால் அரை அடிக்குள் மண் இளகி, அதற்குக் கீழே அடிமண் இறுகிக் கட்டியாகும். வேரும் இறங்காது, தண்ணீரும் இறங்காது. மண்வெட்டியால் ஒன்றரை அடி வெட்டி, பக்கச் சுவரில் கத்தி முனையால் மேலிருந்து கீழே குத்திக்கொண்டே வந்தால் இறுகிய அடுக்கு எங்கே தொடங்குகிறது என்று கையிலேயே தெரியும். அப்படி இருந்தால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை கோடையில், மண் காய்ந்திருக்கும்போது, உளிக்கலப்பை போட்டு ஒன்று முதல் ஒன்றரை அடி ஆழம் கீற வேண்டும். ஈரத்தில் போட்டால் மண் உடையாது, கலப்பை வெறும் கோடு கிழித்துக்கொண்டு போகும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வேண்டியதென்பதால் இதையும் வாடகைக்கே எடுங்கள், ஆனால் டிராக்டர் 45 எச்.பி.க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பதியும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.